கட்டித் தொலைத்தவள்

ஆஸ்பத்திரி பில்லைக் கட்ட முடியாமல் மாட்டிக்கொண்டு முழித்தவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கட்டியதால் மாட்டிக்கொண்டு முழித்தவளைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கூத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

ஆபீசில் அவளை எல்லோரும் 'தேனு' என்று கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அது இல்லை, குரலுக்காக வந்த பட்டப்பெயர். ஆஸ்பத்திரிகளுக்கு வரவேண்டிய பாக்கியை ஃபோனிலேயே பேசி வசூல் செய்து கொடுக்கும் கம்பெனி அது. நீளமான ஹால், வரிசையாகத் தடுப்புகள், தடுப்புக்கு ஒரு ஹெட்போன், ஒரு திரை. நம்பரைக் கம்ப்யூட்டரே போட்டுக் கொடுக்கும், எடுப்பவர்களிடம் பேசுவதுதான் வேலை. திட்டு வாங்குவதும் வேலையில் சேர்த்திதான். மற்றவர்கள் பதிலுக்கு எகிறுவார்கள், கோர்ட்டு கேஸு என்று மிரட்டுவார்கள். தேனு குரலை உயர்த்தவே மாட்டாள். "சாப்பிட்டீங்களாம்மா?" என்று ஆரம்பிப்பாள். பிள்ளைகளை விசாரிப்பாள். மெல்ல பாக்கித் தொகையைச் சொல்வாள். சொல்லிவிட்டு வாயை இறுக மூடிக்கொள்வாள்.

அந்தத் தொழிலின் சூட்சுமமே அதுதான். தொகையைச் சொன்ன பிறகு முதலில் வாயைத் திறப்பவர் தோற்றார். எதிர்முனையில் இருப்பவர் அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல், தம்பியிடம் கேட்கிறேன், வண்டியை விற்கிறேன் என்று தாமாகவே எதையாவது உளறிக் கொட்டுவார். தேனு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள். மாதா மாதம் வசூலில் அவள்தான் முதல். அதற்காக அவளைப் பொல்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். வயிற்றுப்பாடு, வேறென்ன?

அவள் புருஷன் லாரி டிரைவர். ராணுவத்தின் துணைப்படையில் பெயர் கொடுத்து வைத்திருந்தார். வருஷத்தில் கொஞ்ச நாள் பயிற்சி, மற்ற நாளெல்லாம் தன் பிழைப்பு, ஆபத்துக்காலத்தில் கூப்பிட்டால் போக வேண்டும். ஒரு தடவை கூப்பிட்டார்கள். போய், எல்லைப்பக்கம் ஒரு முகாமில் ஒரு வருஷம் லாரி ஓட்டினார். முகாமுக்குப் பின்னால் பெரிய குழி வெட்டி, பிளாஸ்டிக், பேட்டரி, பெயின்ட் டப்பா என்று கண்டதையும் போட்டு டீசல் ஊற்றி எரிப்பார்களாம். இவர்கள் படுக்கிற கூடாரம் அந்தப் புகைக்கு நேர் எதிரே. ஊர் திரும்பி இரண்டு மாதத்தில் இருமல் ஆரம்பித்தது. நுரையீரலில் பாதி கெட்டுப்போய்விட்டது என்றார் டாக்டர். ராணுவத்தில் கேட்டால், "வேலையில இருந்தப்போ நல்லாத்தானே இருந்தாரு? வீட்டுக்கு வந்தப்புறம் வந்த சீக்குக்கு நாங்க பொறுப்பில்ல" என்று கையை விரித்துவிட்டார்கள்.

ஆபரேஷன், இரண்டு மாத வார்டு, வீட்டுக்கு வந்த பிறகும் ராத்திரியில் மூச்சுக்கு மிஷின். ஆள் பிழைத்தார். பில் வந்தபோது வீட்டில் யாருக்கும் மூச்சு இல்லை.

இங்கேதான் தேனு அந்தத் தப்பைச் செய்தாள். வேறு யாராக இருந்தாலும் பில்லை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, வருவது வரட்டும் என்று இருந்திருப்பார்கள். இவளுக்கோ பில் கட்டாவிட்டால் என்ன நடக்கும் என்பது அணு அணுவாகத் தெரியும். அந்த ஆஸ்பத்திரியின் பாக்கி வசூல் இவள் கம்பெனியிடம்தான் இருந்தது. பக்கத்துத் தடுப்பில் உட்கார்ந்திருக்கிறவளே தன் வீட்டுக்கு ஃபோன் போட்டு, "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்பாளே! அதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதனால் விழுந்தடித்துக்கொண்டு ஓடி ஒரே தவணையில் ரொக்கமாகக் கட்டினாள். அப்படிக் கட்டுகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு சின்னத் தள்ளுபடி உண்டு. அதற்கு ஒரு கையெழுத்து: கணக்கு முடிந்தது, இனி இதன்மேல் எந்தக் காப்பீட்டிலும் எதுவும் கோர மாட்டேன். போட்டாள். தள்ளுபடி கிடைத்ததே என்று அன்றைக்குப் பெருமைப்படவும் செய்தாள், பாவி.

பணம் ஏது? நாத்தனாருடையது. டிரைவரின் அக்கா. துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாகச் சேர்ந்து, காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே முப்பது வருஷம் காலம் தள்ளியவள். அந்தக் கடையில் விற்கிறவர்கள் உட்காரக்கூடாது. கால் நரம்பெல்லாம் புடைத்து, கணுக்கால் பருத்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இரண்டு அறையில் ஒரு வீடு வாங்கினாள். புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டான், குழந்தையும் இல்லை. தம்பி மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்த அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் வீட்டை விற்று, பணத்தைக் கொண்டுவந்து தேனுவின் கையில் வைத்தாள். அன்றிலிருந்து தேனுவின் வீட்டு முன்னறையில் ஒரு மடக்குக் கட்டிலில் படுக்கிறாள்.

கொடுத்தவள் மகராசிதான். ஆனால் கொடுத்ததை மறக்கிற சுபாவம் அவளுக்குக் கிடையாது, ஏன் இருக்க வேண்டும்? "இந்தக் குழாய்ல தண்ணி நூலா வருது. என் வீட்டுல அருவி மாதிரி கொட்டும்" என்பாள். "என் வீட்டுல இப்படிக் கொசு கிடையாது" என்பாள். அந்தக் கொசுக்களை இவர்கள் வளர்த்துவிட்ட மாதிரி இருக்கும் கேட்க. தேனு பதில் பேசமாட்டாள். ஃபோனில் எத்தனையோ பேர் வாயை அடைத்தவளுக்கு நாத்தனார் முன்னால் மட்டும் நாக்கு எழும்பாது.

இப்படியே ஒன்றரை வருஷம் போயிருக்கும். ஒரு நாள் ராணுவத்திலிருந்து கடிதம் வந்தது. முகாமில் எரித்த குப்பைப் புகையால்தான் நோய் என்று நிபுணர் குழு ஒப்புக்கொண்டுவிட்டது. அந்த முகாமில் இருந்த எல்லோருக்கும், ஊர் திரும்பிய தேதியிலிருந்தே ராணுவ மருத்துவச் சலுகை உண்டு. விண்ணப்பித்த வரிசைப்படி கடிதம் வரும். ராணுவம் கையை விரித்த பிறகும் விடாமல் தேனு முதல் ஆளாக விண்ணப்பித்திருந்தாள், அதனால் முதல் கட்டத்திலேயே வந்துவிட்டது.

தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஆபரேஷனுக்கு ஆறு மாதம் முந்தைய தேதி. ஆக, அந்த பில்லை ராணுவம்தான் கட்டியிருக்க வேண்டும்.

"அண்ணி! உங்க வீட்டுக் காசு திரும்பி வரப்போகுது!" என்று கத்திவிட்டாள். நாத்தனார் கடிதத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்திருப்பதுகூடத் தெரியாமல், வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டை வாங்கியவர் பக்கத்துப் பேக்கரிக்காரர். நல்ல மனிதர். "நான் கடையை இழுத்துக் கட்டறதுக்குத்தான் வாங்கினேன். அடுத்த மாசம் நடுச்சுவரை இடிச்சு அடுப்பு போடப்போறேன். அதுக்குள்ள குடுத்தா வாங்கின விலைக்கே எடுத்துக்கங்க. இடிச்சுட்டேன்னா என்னால முடியாதும்மா" என்றார். நடுவில் ஒரு மாதம் இருந்தது. அது போதாதா என்று நினைத்தாள் தேனு.

போதவில்லை. ராணுவ நல அலுவலகத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா இருந்தார். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "எங்க பணம் ஆஸ்பத்திரிக்குத்தான் போகும், உங்க கைக்கு வராதும்மா. அவங்க உங்ககிட்ட வாங்கினதைத் திருப்பிக் குடுத்துட்டு, பில்லை எங்களுக்கு அனுப்பணும். இன்னும் கட்டாம வச்சிருந்தீங்கன்னா சுலபமா முடிஞ்சிருக்கும். கட்டித் தொலைச்சுட்டீங்களே!" என்றார்.

ஆஸ்பத்திரியில் பில்லிங் பிரிவின் தலைவி ஒரு மேடம். தேனுவைக் குரலால் தெரியும், வாரா வாரம் வசூல் கணக்கு பேசுகிறவர்கள்தானே. முகத்தை அன்றுதான் பார்த்தாள். "கணக்கு மூடியாச்சும்மா. கோர மாட்டேன்னு கையெழுத்தும் போட்டிருக்கீங்க. அதை விடுங்க, சிகிச்சை முடிஞ்சு ஒரு வருஷத்துக்குள்ள பில் அனுப்பினாத்தான் ராணுவத்துல எடுத்துப்பாங்க. அது எப்பவோ தாண்டிடுச்சு" என்றாள்.

"சலுகை உண்டுன்னு அவங்க சொன்னதே போன வாரம்தான். அதுக்கு முன்னாடி எப்படி மேடம் அனுப்ப முடியும்?"

"அதை நீங்க அவங்களைத்தான் கேக்கணும்."

திரும்பவும் குமாஸ்தாவிடம் போனாள். முன்தேதியிட்டுக் கொடுத்த சலுகைக்கு அந்தக் கெடு கிடையாது என்று ஒரு தாளில் முத்திரை குத்திக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். இப்படிப் பந்தாடினார்கள். விஷயம் கெடுவும் இல்லை, கையெழுத்தும் இல்லை என்பது தொழில் தெரிந்தவளுக்குத் தெரியாதா? ராணுவம் கொடுப்பது ஆஸ்பத்திரி போடும் ரேட்டில் மூன்றில் ஒரு பங்குதான். கைக்கு வந்த முழுசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூன்றில் ஒன்றை வாங்கிக்கொள்ள அவர்களுக்கு என்ன பைத்தியமா பிடித்திருக்கிறது?

அந்தச் சமயம் பார்த்து வீட்டுக்கு வந்து சேர்ந்தான் மெக்கானிக். அதே முகாமில் வண்டி ரிப்பேர் பார்த்தவன், அதே வார்டில் அடுத்த கட்டிலில் கிடந்தவன். அவன் பில்லில் ஒரு பைசா கட்டவில்லை. வசூல் ஃபோன் வந்தால் நாய் மாதிரி குரைத்துக் காட்டுவானாம். அவனுக்கும் முதல் கட்டத்திலேயே வந்த கடிதத்தை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான், ஒரே வாரத்தில் பாக்கி பூஜ்யம். புது பைக்கில் வந்து இறங்கினான்.

"எப்படிப்பா முடிச்சே?" என்று கேட்டாள் தேனு.

"நான் ஒண்ணுமே பண்ணலக்கா. அதான் நான் பண்ணினது" என்று இளித்தான்.

நாத்தனார் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் போனதும், "குரைக்கத் தெரிஞ்சவன் பைக் வாங்கிட்டான். நாம தள்ளுபடி வாங்கினோம்" என்றாள். வயிறு எரிந்தது தேனுவுக்கு. எரியாமல் என்ன செய்யும்?

மறுநாளிலிருந்து தேனு தன் தொழிலைத் தனக்காகச் செய்ய ஆரம்பித்தாள். இடைவேளையில் வெளியே வந்து, தன் சொந்த ஃபோனிலிருந்து பில்லிங் மேடத்தைக் கூப்பிடுவாள். "சாப்பிட்டீங்களா மேடம்?" பிறகு தொகை. பிறகு மௌனம். தினமும். மேடம் எடுக்காவிட்டால் உதவியாளர், அவர் இல்லாவிட்டால் கணக்கு அதிகாரி, அவரும் இல்லாவிட்டால் அவர் வீட்டு நம்பர். வசூல்காரிக்கு நம்பர் கிடைக்காதா? இரண்டாவது வாரம் மேடத்தின் குரலே தழுதழுத்தது. "நான் என்னம்மா பண்ணுவேன், மேல சொல்லிட்டேன், விடும்மா என்னை" என்றாள். இத்தனை வருஷமாகக் கேட்டுப் பழகிய அதே தழுதழுப்பு. தேனுவுக்கு முதல்முறையாக அது இனித்தது.

அடுத்த நாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். எந்தக் காலத்திலும் சூடாகாத மனிதர், ஆபீசில் அவருக்கு 'ஐஸ்' என்று பெயர். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டுதான் தேனு கண்ணாடி அறைக்குள் போனாள்.

"உக்காரும்மா. ஆஸ்பத்திரியில இருந்து பேசினாங்க. உன் பணத்தை முழுசாத் திருப்பிக் குடுத்துடறாங்களாம். வெள்ளிக்கிழமை செக்."

தேனுவுக்குக் காது அடைத்தது. "நிஜமாவா சார்?"

"நான் எப்போ விளையாடியிருக்கேன்? ஒரு சின்ன வேலை இருக்கு. உன் வீட்டுக்காரர் இருந்த முகாம் ஆளுங்க நாப்பது பேரோட பாக்கி நம்மகிட்ட இருக்கு. அவங்களுக்கு ராணுவ லெட்டர் இன்னும் வரல. வந்துட்டா ஆஸ்பத்திரிக்கு மூணுல ஒண்ணுதான் தேறும். வர்றதுக்குள்ள ரொக்கமா முடிச்சு, கையெழுத்தும் வாங்கிடணும். நீ பேசினாத்தான் நடக்கும். நீயும் முகாம் குடும்பம்னு சொல்லு, நம்புவாங்க."

"சார், லெட்டர் வரும்னு தெரிஞ்சுக்கிட்டே..."

"நமக்கு எப்படித் தெரியும்? நீயோ நானோ ராணுவமா? பாக்கி இருக்கா, இருக்கு. கேக்கறோம். நீ வருஷக்கணக்கா பண்ற வேலைதானேம்மா?"

அது உண்மை. நாத்தனாரின் கணுக்கால் ஞாபகம் வந்தது. இடிக்கப்போகிற நடுச்சுவர் ஞாபகம் வந்தது. "சரி சார்" என்றாள்.

அன்று மாலை வீட்டில் போய்ச் சொன்னாள். எப்படி வந்தது என்பதை விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை வருகிறது என்பதை மட்டும் சொன்னாள். நாத்தனார் முதலில் நம்பவில்லை. "சத்தியமா?" என்றாள். "சத்தியமா அண்ணி." அவ்வளவுதான், செருப்பை மாட்டிக்கொண்டு பேக்கரிக்கு ஓடினாள். சனிக்கிழமைவரை சுவரில் கை வைக்கமாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டு வந்தாள். வந்தவள் பரண்மேல் இருந்த தன் பாத்திரங்களை இறக்கித் தேய்க்க உட்கார்ந்தாள். தேய்த்துக்கொண்டே தம்பியைக் கிண்டல் செய்தாள். "டேய், நான் போயிட்டா உன் குறட்டையை யாருடா கேப்பா? பாவம், இவளாவது நிம்மதியாத் தூங்கட்டும்னு உன்னையும் கூட்டிட்டுப் போகவா?" அந்த வீட்டில் அவள் சிரித்துத் தேனு அன்றைக்குத்தான் பார்த்தாள்.

மறுநாள் காலையில் பட்டியல் திரையில் வந்தது. முதல் நம்பர் எடுக்கவில்லை. இரண்டாவது ஒரு பெண் எடுத்தாள். முகாமில் சமையல் பார்த்த ஒருவரின் மனைவி.

"சாப்பிட்டீங்களாம்மா? நானும் முகாம் குடும்பம்தான். எங்க வீட்டுக்காரர் அங்க லாரி ஓட்டினார்."

"அப்படியாக்கா! லாரிக்காரரா? இவரு சொல்லுவாரு. இருமல் தேவலையா அவருக்கு?" அந்தப் பெண் அப்படி ஒட்டிக்கொண்டாள். நெடுநாள் காணாத உறவு கிடைத்த மாதிரி பேசினாள். "வேற யாரு ஃபோன் பண்ணினாலும் எடுக்கவே பயமா இருக்குக்கா. மணி அடிச்சாலே பசங்க ரெண்டும் கட்டிலுக்கடியில போயிடுதுங்க. நீங்க நம்ம ஆளு. நீங்க சொல்லுங்க, என்ன பண்ணட்டும்?"

தேனு தொகையைச் சொன்னாள். தள்ளுபடியைச் சொன்னாள். வாயை மூடிக்கொண்டாள்.

எதிர்முனையில் ஒரு மூச்சு கேட்டது. அதற்குப் பின்னால், அறையின் உள்ளிருந்து, தேனுவுக்கு நன்றாகப் பழகிய இன்னொரு சத்தமும் கேட்டது. மூச்சு மிஷின் ஓடுகிற சத்தம்.

"அந்த மிஷினை வித்துடறேன்க்கா" என்றாள் அந்தப் பெண். "வாங்கின கடையிலயே பாதி விலைக்கு எடுத்துக்கறேங்கறான். மீதியைக் கைமாத்து வாங்கிக் கட்டிடறேன். இவரு இப்போ ராத்திரிக்கு மட்டும்தான் போட்டுக்கறாரு. உக்காந்துக்கிட்டே தூங்கினா மிஷின் இல்லாமலும் ஓட்டிடலாம்ல? உங்க வீட்டுக்காரருக்கு எப்படிக்கா? ஓட்டிடலாமா?"

தேனு பதில் சொல்ல வேண்டிய இடம் இல்லை அது. தொழில் விதிப்படி அவள் 'உங்க இஷ்டம்மா, எப்போ கட்டறீங்க?' என்று கேட்டிருக்க வேண்டும். டிரைவருக்கு ஓர் இரவு மின்சாரம் போய் மிஷின் நின்றது. உதடு நீலம் பாய்ந்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவர் அல்லாடியதை இவளும் நாத்தனாரும் விசிறிக்கொண்டே பார்த்திருந்தார்கள்.

"விக்காதீங்க" என்றாள் தேனு. குரலில் தேனும் இல்லை, ஒன்றும் இல்லை. "ஒரு பைசா கட்டாதீங்க. எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடாதீங்க. ராணுவத்துல இருந்து லெட்டர் வரும். அதை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா பாக்கி தானா அடைஞ்சுடும். அதுவரைக்கும் யாரு ஃபோன் பண்ணினாலும் வச்சுடுங்க. நானே பண்ணினாலும் வச்சுடுங்க."

"அக்கா, நீங்க வசூல் ஆபீஸ்தானே?"

"ஆமா. வைங்க ஃபோனை."

இங்கே பேசுவதெல்லாம் பதிவாகும், யாராவது எந்த நேரமும் கேட்கலாம் என்பது அவளுக்குத் தெரியும். பட்டியலில் அடுத்ததை அழுத்தினாள். சாப்பாடு விசாரிக்கவில்லை, பிள்ளைகளை விசாரிக்கவில்லை. கட்டாதீர்கள், கையெழுத்துப் போடாதீர்கள், கடிதம் வரும். அடுத்தது. ஒரு பெரியவர், "கட்டாதேன்னு சொல்ற வசூல்காரியை நான் பார்த்ததே இல்ல. இது புது மோசடியா?" என்று சண்டைக்கு வந்தார். அவரிடம் அரைமணி நேரம் மன்றாட வேண்டியிருந்தது. கட்டச்சொல்லி யாரிடமும் அவள் அவ்வளவு பாடுபட்டதில்லை. மத்தியானத்துக்குள் பட்டியலில் முக்கால்வாசி முடிந்தது. பக்கத்துத் தடுப்புக்காரி எட்டிப்பார்த்து, "அடியே, உனக்குப் பைத்தியமா?" என்று வாயை மட்டும் அசைத்தாள்.

ஐஸ் வந்து நின்றார். அப்போதும் சூடாகவில்லை. அவளுடைய ஹெட்போனை அவரே கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை செக் கிடையாது. புரியுதாம்மா?"

"புரியுது சார்."

"உன் வேலையும் கிடையாது. பையை எடுத்துக்க."

படி இறங்கும்போது அவளுக்கு மனசு லேசாக இருந்தது என்று சொன்னால் பொய். முதல் மாடி வரைக்கும் இருந்தது. அதற்கப்புறம் நாத்தனாரின் முகம் வந்துவிட்டது. நேராக ராணுவ நல அலுவலகத்துக்குப் போனாள். குமாஸ்தா முழுவதையும் கேட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புகார் எழுதிக் குடுங்க. நியாயம் உங்க பக்கம்தான், சந்தேகமே இல்ல. பணம் வந்துடும்" என்றார்.

"எப்போ சார் வரும்?"

"விசாரணை வைக்கணும், ஆஸ்பத்திரியும் வக்கீல் வைக்கும். ரெண்டு வருஷம், மூணு வருஷம். மிச்ச பேரையாவது காப்பாத்திட்டீங்க, அதுக்கே உங்களைக் கும்பிடணும்."

கும்பிடு வாங்கி என்ன செய்வது? புகாரை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

முன்னறையில் நாத்தனார் இரண்டு மூட்டை கட்டி வைத்திருந்தாள். மடக்குக் கட்டிலை மடக்கிச் சுவரோரம் நிறுத்தியிருந்தாள். "எதுக்குடி சீக்கிரம் வந்துட்டே? செக் இன்னைக்கே குடுத்துட்டானா?" என்றாள்.

தேனு நின்றுகொண்டே சொன்னாள். மேனேஜர் சொன்னதை, அந்தப் பெண்ணை, மிஷினை, எல்லாவற்றையும். உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்த டிரைவர் எழுந்து நிலைப்படிவரை வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நீ பண்ணினது சரிதான்" என்றார் டிரைவர். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

"சும்மா இருடா" என்றாள் அவர் அக்கா. "உனக்கு என்ன போச்சு? உள்ள போறது என் வீடு, வெளிய வர்றது என் வீடு. உன் மூச்சே என் வீடுடா." பிறகு தேனுவின் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை. "ஏன்டி, நீ நல்லவளா இருக்கணும்னு ஆசைப்பட்டே, சரி. இத்தனை வருஷமா ஊரு குடியை எல்லாம் கெடுத்தியே, அப்போ வராத நல்ல புத்தி, என் வீடு கைக்கு வர்ற அன்னைக்குத்தான் வரணுமா?"

"அண்ணி, அவ மிஷினை விக்கறேன்னா. நம்மளும் அந்த ராத்திரி பார்த்தோமே..."

"பார்த்தேன். நான்தான்டி விசிறினேன். நான் இல்லேங்கல. நானே அந்த ஃபோன்ல இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேனோ என்னமோ. ஆனா அது என் வீடு. நான் குடுத்திருந்தா அது தர்மம். நீ எடுத்துக் குடுத்தா அதுக்குப் பேரு என்ன? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. மன்னிச்சுக்கங்க என்றால் அடி விழும் போலிருந்தது.

"அந்த நாப்பது வீட்டுல எவனாவது எனக்கு ஒரு ரூம் குடுப்பானான்னு கேட்டுப் பாரு. நம்பர் எல்லாம் உன்கிட்டதானே இருக்கு?" என்றாள் நாத்தனார். சொல்லிவிட்டு இரண்டு மூட்டையையும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். கதவைத் திறந்தாள். தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. வீங்கின காலோடு அங்கேயே நின்றாள்.

டிரைவர் "அக்கா" என்றார். தேனு ஓடிப்போய் மூட்டையைப் பிடித்தாள். நாத்தனார் அவளைத் திரும்பிப் பார்த்தபோது அந்தக் கண்ணில் கோபம்கூட இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"விடு" என்றாள். "நான் எங்க போகப்போறேன்? கோவிச்சுக்கிட்டுப் போறதுக்குக்கூட எனக்கு ஒரு வீடு இல்லையேடி."

கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து, மடக்கி வைத்த கட்டிலை அவளே விரித்துப் போட்டாள்.